பதின்மூன்றுக்கு மூன்று

நூலகத்தின் கடைசி அடுக்கில், ஆண்டுவாரியாகத் தைத்துக் கட்டிய பழைய ஆய்விதழ்களுக்கு நடுவே, ‘கிராப் சயின்ஸ்’ இதழின் 6ஆம் தொகுதி கிடைத்தது. ஆண்டு 1966. 473ஆம் பக்கத்தில் தொடங்கி நான்கே பக்கத்தில் முடியும் ஒரு கட்டுரை. அதன் ஓரத்தில் எனக்கு முன்னால் படித்த யாரோ பென்சிலால் 13:3 என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தார். தாள் பழுத்திருந்தது. பென்சில் மங்கவில்லை. இரண்டு பருவமாக என் பாத்திகளில் நடந்துகொண்டிருந்த கோளாறுக்கு ஒரு பெயரும் நீண்ட வரலாறும் இருக்கிறது என்பது அங்கே நின்றபடியே எனக்கு உறைத்தது.

நான் ஆராய்வது கொழுக்கட்டைப் புல்லை. காங்கயம், தாராபுரம், மூலனூர் பக்கம் போய்வந்தவர்களுக்குக் கொறங்காடு தெரிந்திருக்கும். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல மரம், தரையெல்லாம் இந்தப் புல். வறட்சியில் கட்டை மட்டும் காய்ந்து கிடக்கும். ஒரு நல்ல மழை விழுந்தால் நான்கைந்து நாளில் பச்சை கட்டிவிடும். காங்கயம் மாடு தலைமுறை தலைமுறையாக மேய்ந்து வளர்ந்தது இந்தக் காடுகளில்தான்.

தீவனப் புல்லுக்குக் கதிர் தள்ளும் நாள் என்பது ஒரு எல்லைக்கோடு. அதுவரை செடி தன் உழைப்பை இலையில் போடுகிறது. கதிர் வெளியே வந்ததும் தண்டு விறைக்கிறது, நார் ஏறுகிறது, புரதம் இறங்குகிறது. மாட்டுக்கு வேண்டியது இலை என்பதால் பிந்திப் பூக்கும் செடி நல்லது. ஆனால் விதையே கட்டாத அளவுக்குப் பிந்தினால் அடுத்த ஆண்டு விதைக்க ஒன்றும் இருக்காது. இந்த நாளைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் எந்தக் குரோமோசோமில், எந்த இடத்தில் இருக்கின்றன என்று தெரிந்துவிட்டால் நாற்றுப் பருவத்திலேயே செடியைத் தேர்ந்தெடுக்கலாம், கதிருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித்தில் ரை புல்லை வைத்து இதைச் செய்தார்கள். கதிர் தள்ளும் நாளை ஆளும் ஒரு முக்கியப் பகுதி அந்தப் புல்லின் 7ஆம் குரோமோசோமில் இருப்பதாகவும், நெல்லின் 6ஆம் குரோமோசோமில் பூக்கும் நாளைத் தீர்மானிக்கும் பகுதியோடு அது வரிசை மாறாமல் ஒத்துப்போவதாகவும் 2004இல் எழுதினார்கள். அதையே நம் மேய்ச்சல் புல்லில் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

மரபணுக்களின் இடத்தைக் காட்டும் வரைபடம் போட முதலில் வேண்டியது கலப்புப் பிள்ளைகள். தரையோடு படர்ந்து பிந்திப் பூக்கும் ஒரு செடியைத் தாயாகவும், நெட்டையாக வளர்ந்து சீக்கிரம் கதிர் விடும் ஒன்றைத் தந்தையாகவும் எடுத்தேன். இந்தப் புல்லில் ஒரு வசதி உண்டு. சூல்முடிகள் முதலில் வெளியே நீட்டும், மகரந்தப்பைகள் பிறகுதான் வரும். அதனால் மகரந்தப்பையை இடுக்கியால் பிடுங்கும் வேலை இல்லை. கதிர் உறையை விட்டு வந்ததும் வெண்ணெய்த்தாள் பையை மாட்டி, மென்முடிகளுக்கு நடுவிலிருந்து இறகுபோலச் சூல்முடி எட்டிப் பார்க்கும் காலையில் தந்தைச் செடியின் தூளைத் தட்டிவிட்டால் போதும். செய்தேன். விதை கட்டியது. முளைக்க வைத்து நட்டேன். எழுந்து வந்த வரிசை முழுக்க அம்மாவை உரித்து வைத்திருந்தது. அதே படர்வு, அதே இலை, அதே நாளில் கதிர். தந்தையின் சாயல் ஒன்றில்கூட இல்லை.

விதைப் பொட்டலம் கலந்துபோயிருக்கும் என்று விதை வாங்கிய இடத்தின் மேல் சந்தேகப்பட்டேன். அடுத்த பருவம் தாயும் தந்தையும் என் கையால் சேகரித்த விதையிலிருந்து வளர்ந்தவை. அப்போதும் அதே கதை.

அந்த நாட்களில்தான் மூலனூர்ப் பக்கம் ஒரு கொறங்காட்டில் செம்மறி மேய்க்கும் ஆத்தா ஒருவரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். “இந்தப் புல்லு வெதையில வந்தாலுஞ் சேரி, கட்டையில தளுத்தாலுஞ் சேரி, ஒரே மாதிரிதாங் கண்ணு இருக்கும். எங்கப்பாரு காலத்துலேருந்து இதேதான்” என்றார். விதையில் வந்தாலும் கட்டையில் தழைத்தாலும் ஒன்று என்பதைக் காட்டிலும் சரியாக எந்தப் பாடநூலும் இதை எழுதவில்லை. தாவரவியலில் இதற்கு அப்போமிக்ஸிஸ் என்று பெயர். படித்திருந்தேன். பரீட்சையும் எழுதியிருந்தேன். என் பாத்தியில் பார்த்தபோது அடையாளம் தெரியவில்லை.

ஆகவே தேடத் தொடங்கினேன். இந்தப் புல் இப்படித்தான் என்று முதலில் கண்டுபிடித்தது யார்? கலப்பே நடக்காது என்றால் வெளிநாட்டில் கலப்பு ரகங்கள் வந்தது எப்படி?

முதல் தடை பெயரில் வந்தது. 1771இல் லின்னேயஸ் இதற்கு வைத்த பெயர் செங்க்ரஸ் சிலியாரிஸ். 1827இல் லிங்க் என்பவர் இதைக் கம்பின் பேரினத்துக்கு மாற்றி பென்னிசெட்டம் சிலியாரே ஆக்கினார். அதற்குப் பிறகு ஆளுக்கொரு பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். அட்டவணையில் செங்க்ரஸ் என்று தேடினால் 1950களின் முதன்மையான கட்டுரைகள் தட்டுப்படாது. பென்னிசெட்டம் என்று தேடினால் 1960களுக்குப் பிந்தியவை பல நழுவிவிடும். ஒரே ஆளுக்கு இரண்டு ஊரில் இரண்டு குடும்ப அட்டை இருந்தது போல. 2010இல் மரபணு ஆதாரத்தைக் காட்டி பென்னிசெட்டம் பேரினத்தையே செங்க்ரஸுக்குள் சேர்க்க வேண்டும் என்று ஒரு குழு எழுதியது. அந்தக் கணக்கில் நாம் கூழ் காய்ச்சும் கம்பும் கொழுக்கட்டைப் புல்லும் இன்று ஒரே பேரினம். இந்த உறவு பின்னால் பெரிய துப்பாக மாறும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இரண்டு பெயரிலும் தேடியபோது 1954இல் ஃபிஷர், பஷா, ஹோல்ட் என்ற மூவர் எழுதிய கட்டுரை அகப்பட்டது. அவர்கள் பார்த்தது டெக்சஸ் மாநிலத்தில் வளர்ந்த புல்லை. 1940களில், வடகென்யாவின் துர்கானா வறண்ட நிலத்திலிருந்து வந்த விதையிலிருந்து டி-4464 என்ற எண்ணோடு ஒரு ரகம் அங்கே பரவியது. மாட்டுப் பண்ணைக்காரர்கள் அள்ளிக்கொண்டு போய் விதைத்தார்கள். தெற்கு டெக்சஸிலும் அதைத் தாண்டி மெக்சிகோவிலும் நிலம் நிலமாகப் பிடித்தது. எங்கே விதைத்தாலும் ஒரே மாதிரி வளர்ந்தது. இது அப்போமிக்ஸிஸ் என்பதற்கு இந்த மூவரும் ஆதாரம் காட்டினார்கள். மறு ஆண்டு, 1955இல், போர்ட்டோ ரிக்கோவில் ஸ்னைடர் குழுவினர் பூவுக்குள் என்ன நடக்கிறது என்று படிப்படியாக வரைந்து காட்டினார்கள்.

அந்தப் படங்களை நானும் என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று உட்கார்ந்தேன். சூல்முடி எட்டிப் பார்க்கும் கட்டத்தில் கதிரை வெட்டி, ஃபார்மலின், அசெட்டிக் அமிலம், ஆல்கஹால் கலந்த நீரில் ஊற வைக்க வேண்டும். பிறகு இரண்டு ஊசிகளால் மென்முடிகளை விலக்கி, உமியைப் பிரித்து, கசகசாவைவிடச் சின்ன சூலகத்தை வெளியே எடுக்க வேண்டும். அதை மெத்தில் சாலிசிலேட்டில் போட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணாடி போல் தெளிந்துவிடும். இந்த முறையைப் புற்களுக்கு ஏற்றபடி 1979இல் யங், ஷெர்வுட், பஷா ஆகியோர் விவரித்தார்கள். மூட்டு வலிக்குத் தேய்க்கும் தைலத்தின் வாசம் அது. ஒரு மாதம் என் சட்டையெல்லாம் அந்த வாசம்தான்.

ஆண் பெண் சேர்ந்து கருவுற்று விதை கட்டும் பால்வழிச் செடி ஒன்றின் சூலைப் பார்த்தால், நடுவில் ஒரு பெரிய செல் குறுக்கல் பகுப்பு அடைந்து நான்காகி, மூன்று அழிந்து, மிஞ்சிய ஒன்று எட்டு உட்கருக்கள் கொண்ட கருப்பையாக வளரும். ஒரு முனையில் முட்டையும் இரண்டு துணைச் செல்களும், நடுவில் இரண்டு துருவ உட்கருக்கள், மறுமுனையில் எதிரடிச் செல்கள் மூன்று. புற்களில் இந்த எதிரடிச் செல்கள் பெருகிக் கொத்தாகவே தெரியும். கொழுக்கட்டைப் புல்லில் இந்த வழி பாதியில் அடைபடுகிறது. நான்கான செல்கள் அத்தனையும் சுருங்கி மடிய, பக்கத்துச் சூல்திசுவில் சும்மா இருந்த சாதாரணச் செல்கள் பருக்கின்றன. குறுக்கல் பகுப்பைத் தொடாமலே கருப்பையாகின்றன. உட்கரு நான்கு மட்டும். எதிரடிச் செல் கிடையாது. ஒரே சூலில் இப்படி இரண்டு மூன்று கருப்பைகள்கூட முட்டி மோதிக்கொண்டு நிற்கும். அந்த முட்டையில் தாயின் 36 குரோமோசோமும் அப்படியே இருப்பதால், கருவுறாமலே அது கருவாக வளர்ந்துவிடும்.

அப்படியானால் நான் தட்டிய மகரந்தம் என்ன ஆனது? அது துருவ உட்கருவோடு சேர்ந்து கருவூண் திசுவை உண்டாக்கியது. விதைக்குள் இருக்கும் மாவு அதுதான். மகரந்தம் பிள்ளைக்குச் சோறு போட்டது, வாரிசில் அதற்குப் பங்கில்லை. என் வரிசைச் செடிகள் தாயைப் போல இருந்ததன் விடை இந்த நான்கு உட்கருவில் இருந்தது.

இது ஏமாற்றிய முதல் ஆள் நான் இல்லை என்பது ஆறுதல். 1841இல் லண்டன் கியூ தோட்டத்தின் ஜான் ஸ்மித், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பெண் செடிகள் ஆண் செடியே இல்லாமல் விதை கட்டுவதைக் கண்டு எழுதினார். பட்டாணியில் வெற்றி கண்ட மெண்டல் அடுத்துக் கையிலெடுத்தது ஹைராசியம் என்ற காட்டுச் செடி. 1870இல் வெளியான அவருடைய கட்டுரையில் பட்டாணி விதிகள் தலைகீழாக நின்றன. கலப்பின் பிள்ளைகள் பல விதமாக வந்தன, பேரப்பிள்ளைகள் மாறவே இல்லை. காரணம் இதே அப்போமிக்ஸிஸ் என்று தெரிந்தபோது மெண்டல் உயிரோடு இல்லை. அவர் கையில் ஒரு குறிப்புச் சீட்டாவது போய்ச் சேர்ந்திருக்கக் கூடாதா என்று மனம் அடித்துக்கொள்கிறது.

மறுபடி டெக்சஸுக்கு வருவோம். 1954 கட்டுரையின் மூவரில் ஒருவரான இ. சி. பஷா, அமெரிக்க வேளாண் துறையின் ஆராய்ச்சிப் பிரிவுக்காக காலேஜ் ஸ்டேஷன் நகரில் வேலை பார்த்தவர். அடுத்து அவர் பெயர் தனியாக வருவது 1962இல், ‘கிராப் சயின்ஸ்’ இரண்டாம் தொகுதியில். தலைப்பிலேயே அப்போமிக்ஸிஸ், பால்வழி இனப்பெருக்கம் இரண்டும் சேர்ந்து நிற்கின்றன. எல்லாம் தாய்வழி, அதாவது அப்போமிக்ஸிஸ், என்று முடிவு கட்டிய புல்லில் அவர் பால்வழிச் செடி ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார். ஒரே ஒரு செடி. எதிரடிச் செல் கொத்தோடு எட்டு உட்கருக் கருப்பை. அதற்கு பி-1எஸ் என்று பெயரிட்டார். இதழ் இதழாகப் புரட்டிக்கொண்டு வந்த எனக்கு அந்த வரியைப் படித்ததும் எழுந்து நின்றுவிடத் தோன்றியது. வாசலே இல்லாத மதில் என்று நினைத்திருந்த இடத்தில் ஒரு கதவு இருந்திருக்கிறது.

அந்தச் செடியைத் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ள வைத்து, பிள்ளைகளின் சூலகங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்கள் பஷாவும் சார்லஸ் டாலியஃபெரோவும். பால்வழித் தாய்க்குப் பால்வழிப் பிள்ளைகள்தானே வர வேண்டும்? வந்தவற்றில் கணிசமானவை தாய்வழிச் செடிகள். அந்தக் கணக்கை விளக்கத்தான் 1966 கட்டுரையின் 13:3.

பென்சில்காரரின் கேள்விக்குறிக்கு நான் ஒரு தாளில் பதினாறு கட்டம் போட்டு விடை பார்த்தேன். இரண்டு மரபணுக்கள் என்கிறார்கள். ஏ இருந்தால் செடி தாய்வழி. ஆனால் பி என்ற இன்னொன்று கூட இருந்துவிட்டால் அது ஏ-யை அடக்கி, செடியைப் பால்வழியாக்கிவிடும். தாய்ச் செடியில் இரண்டுமே ஒவ்வொரு பிரதி. பதினாறு கட்டத்தில் பன்னிரண்டில் பி இருக்கிறது, அவை பால்வழி. மூன்றில் பி இல்லாமல் ஏ மட்டும், அவை தாய்வழி. கடைசிக் கட்டத்தில் இரண்டும் இல்லை, அதுவும் பால்வழி. பன்னிரண்டும் ஒன்றும் பதின்மூன்று. இதே செடியைத் தாய்வழித் தந்தையோடு கலந்தால் 5:3 வர வேண்டும் என்பது அடுத்த கணக்கு. அதையும் எட்டுக் கட்டத்தில் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது.

இந்தக் கணக்கு வெறும் தாளில் நின்றுவிடவில்லை. பி-1எஸ் செடியின் சொந்தப் பிள்ளைகளில் தாய்வழியாக வந்த ஒன்றை ‘ஹிக்கின்ஸ்’ என்ற ரகமாக 1968இல் பதிவு செய்தார்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த நீல வகையோடு பி-1எஸ்ஸைக் கலந்து, குளிர் தாங்கும் ‘நியூசஸ்’, ‘லானோ’ இரண்டையும் 1977இல் வெளியிட்டார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்: கலப்புப் பிள்ளைகளில் நல்லதாகவும் தாய்வழியாகவும் ஒன்று கிடைத்துவிட்டால், அன்றைக்கே அது நிலைத்த ரகம். ஏழெட்டுத் தலைமுறை தூய்மைப்படுத்த வேண்டியதில்லை. கலப்பு வீரியம் விதையோடு கட்டுண்டு கிடக்கும். விவசாயி தன் காட்டிலேயே விதை எடுத்துக்கொள்ளலாம்.

இதற்குப் பிறகு தடம் மங்கியது. கொழுக்கட்டைப் புல் கட்டுரைகள் ரகப் பதிவுகளாகவும் மேய்ச்சல் கணக்குகளாகவும் போயின. ஏ என்ற மரபணு எங்கே இருக்கிறது என்று கேட்பாரில்லை. நான் ஆட்களைத் தொடரலாம் என்று வழியை மாற்றினேன். 1970இல் ‘சயின்ஸ்’ இதழில் சோளத்தின் அப்போமிக்ஸிஸ் பற்றி ஒரு சிறு கட்டுரை. எழுதியவர்கள் ஹன்னா, ஷெர்ட்ஸ், பஷா. இந்த வெய்ன் ஹன்னா பிறகு ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டனில் வருகிறார், கையில் கம்போடு. துப்பு புல்லிலிருந்து தானியத்துக்குத் தாவிவிட்டது.

டிஃப்டன் நம் நாட்டுக்குப் புதிய ஊர் இல்லை. அங்கே கிளென் பர்ட்டன் உருவாக்கிய டிஃப்ட் 23ஏ என்ற ஆண்மலட்டுக் கம்பு வரிசையைத் தாயாக வைத்துத்தான் 1965இல் பஞ்சாபிலிருந்து இந்தியாவின் முதல் கலப்பினக் கம்பு எச்பி-1 வந்தது. கலப்பினம் என்றால் ஆண்டுக்கு ஆண்டு விதை வாங்க வேண்டும். கலப்பினக் கம்பின் விதை அதே வீரியத்தோடு மறுபடி முளைத்தால் மானாவாரி விவசாயிக்கு எவ்வளவு பெரிய விடுதலை! அதற்காகத்தான் ஹன்னா, பென்னிசெட்டம் ஸ்குவாமுலாட்டம் என்ற தாய்வழிக் காட்டுப் புல்லைக் கம்போடு கலந்து, திரும்பத் திரும்பக் கம்போடு சேர்த்து, அப்போமிக்ஸிஸை மட்டும் கம்புக்குள் இழுத்துவரப் பாடுபட்டார்.

இந்தக் காட்டுப் புல்லின் கோப்பில் ஒரு பிழை நெடுநாள் உட்கார்ந்திருந்தது. அதற்கு 54 குரோமோசோம் என்று கட்டுரைக்குக் கட்டுரை எழுதிவந்தார்கள். 54 என்றால் ஒன்பதின் ஆறு மடங்கு. 2006இல் அகியாமா குழுவினர் மறுபடி எண்ணியபோது 56 வந்தது. அதாவது ஏழின் எட்டு மடங்கு. கம்பின் அடிப்படை எண்ணும் ஏழுதான். 2008இல் ஜான்சியிலுள்ள இந்திய மேய்ச்சல் நிலம் மற்றும் தீவன ஆராய்ச்சி நிறுவனத்தாரும் 56 என்றே எழுதினார்கள். இரண்டு குரோமோசோம் கூடியதில், தூரத்து உறவாக இருந்த புல் கம்புக்கு நெருங்கிய சொந்தமாகிவிட்டது.

இனி வரைபடம். 1998இல் பெக்கி ஓசியாஸ்-அக்கின்ஸ், டொமினிக் ரோஷ், ஹன்னா மூவரும் எழுதிய கட்டுரை அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வந்தது. அதைப் புரிந்துகொள்ள வரைபடம் எப்படிப் போடுகிறார்கள் என்று சொல்ல வேண்டும். மகரந்தமும் முட்டையும் உண்டாகும்போது இணைக் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்கின்றன. அருகருகே இருக்கும் இரண்டு அடையாளங்கள் சேர்ந்தே பயணம் செய்யும். தொலைவில் இருப்பவை பிரிந்துவிடும். நூறு பிள்ளைகளில் ஒன்றில் பிரிந்தால் இரண்டுக்கும் இடையே ஒரு சென்டிமார்கன். பிரிவுதான் அளவுகோல். பிரிவே இல்லையென்றால் அளக்க எதுவுமில்லை.

அவர்கள் 397 பிள்ளைகளைச் சோதித்தார்கள். அப்போமிக்ஸிஸோடு தொடர்புள்ள 13 மரபு அடையாளங்களை ஒவ்வொன்றிலும் தேடினார்கள். அவற்றில் 12 அடையாளங்கள் அப்போமிக்ஸிஸை விட்டு ஒரு பிள்ளையில்கூடப் பிரியவில்லை. மறுபடியும் ஒரு 13, ஆனால் இது வேறு 13. வரைபடத்தில் பன்னிரண்டும் ஒரே புள்ளியில் குவிந்துவிட்டன. பேருந்தில் எப்போதும் சேர்ந்தே ஏறிச் சேர்ந்தே இறங்கும் பன்னிரண்டு பேரைப் பார்த்து, அவர்கள் வீடுகளுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று சொல்ல முடியுமா? அடுத்தடுத்த வீடாகவும் இருக்கலாம், ஊரின் இரண்டு கோடியாகவும் இருக்கலாம்.

வேறொருவராக இருந்தால் வரைபடம் தோற்றது என்று மூடி வைத்திருப்பார். அவர்கள் அந்த வெறுமையையே சாட்சியாக எடுத்தார்கள். துண்டு மாற்றிக்கொள்ள இணையில்லாத ஒரு பகுதி அது என்று வாதிட்டார்கள். 1999இல் ரோஷ் முன்னின்று எழுதிய கட்டுரை, அதே அடையாளங்கள் கொழுக்கட்டைப் புல்லிலும் அப்போமிக்ஸிஸோடு ஒட்டிக்கொண்டே போவதைக் காட்டியது. இரண்டு வேறு சிற்றினங்கள், ஒரே மரபுப் பகுதி. 2003இல் ஒளிரும் சாயம் ஏற்றிக் குரோமோசோம்களைப் படம் எடுத்தபோது, இரண்டு புல்லிலும் ஒரே ஒரு குரோமோசோமில் மட்டும் அந்தப் பகுதி மின்னியது. அதன் இணையில் ஒன்றுமில்லை. காட்டுப் புல்லில் அந்தப் பகுதியின் நீளம் ஏறக்குறைய 5 கோடி காரமூல இணைகள் என்று 2004இல் கணித்தார்கள். வரைபடத்தில் புள்ளி. நிஜத்தில் ஒரு சமவெளி.

டெக்சஸிலும் கோப்பைத் திறந்தார்கள். 2002இல் ஜெஸ்ஸப் குழுவினர் கொழுக்கட்டைப் புல்லின் மரபு வரைபடத்தை வைத்து அப்போமிக்ஸிஸின் இருப்பிடத்தைச் சுற்றித் துண்டு மாற்றம் முடக்கப்பட்டிருக்கிறது என்று எழுதினார்கள். தலைப்பிலேயே மாற்று மரபணுக்களின் இடைவினை என்றும் சொல்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லில் 1966இன் பி கேட்டது. அப்போமிக்ஸிஸைத் தரும் பகுதி ஒன்று இருந்தாலே போதும் என்பது இன்றைய முடிவு. அப்படியானால் பி-1எஸ் பால்வழியாக இருந்துகொண்டே எப்படித் தாய்வழிப் பிள்ளைகளைப் பெற்றது? அதற்குள் அந்தப் பகுதி உறங்கிக்கொண்டிருந்தாக வேண்டும், அதை உறங்கவைத்த ஒன்றும் இருந்தாக வேண்டும். பஷாவும் டாலியஃபெரோவும் நுண்ணோக்கியும் பென்சிலும் மட்டும் வைத்துக்கொண்டு அந்த ஒன்றுக்கு ஓர் எழுத்து கொடுத்துவிட்டுப் போனார்கள். பின்வந்த சுருக்கங்கள் பலவும் ஏ-யைப் பற்றியே பேசுகின்றன. பி-யை இவ்வளவு சீக்கிரம் ஓரங்கட்டியது சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஏ-யின் கதையோ ஓட்டமெடுத்தது. அந்தச் சமவெளிக்குள் பேபி பூம் என்ற மரபணுவின் சாயலில் ஒன்று கிடைத்தது. 2015இல் ஜோஆன் கானர் குழுவினர் அதை மட்டும் எடுத்துப் பால்வழிக் கம்புக்குள் வைத்தபோது, கருவுறாத முட்டை தானாகக் கருவானது. 2019இல் கலிஃபோர்னியாவின் டேவிஸில் இதே யோசனையை நெல்லின் சொந்தப் பேபி பூம் மரபணுவை வைத்துச் செய்தார்கள். முட்டைச் செல்லில் அதைத் தூண்டி, கூடவே குறுக்கல் பகுப்பை நிறுத்தும்படி மூன்று மரபணுக்களைத் திருத்தி, தாயின் நகலாக விதை கட்டும் நெல்லை உண்டாக்கினார்கள்.

மகிழ்ச்சியோடு ஒரு பயமும் எனக்கு உண்டு. 1990களில் தெற்கு டெக்சஸிலும் வடக்கு மெக்சிகோவிலும் டி-4464 புல்வெளிகளை ஒரு பூஞ்சைக் கருகல் பிடித்தது. நெல்லில் குலைநோய் கொண்டுவரும் பூஞ்சையின் இனத்தைச் சேர்ந்தது அது. அத்தனை செடியும் ஒரே செடி என்றால் நோய்க்கும் ஒரே சாவி போதும். நம் எச்பி கம்புகளை 1970களில் அடிச்சாம்பல் நோய் தின்றதை நினைத்துக்கொண்டேன். அரிசோனாவின் சோனோரா பாலைவனத்தில் இதே புல் அடங்காத களை. காய்ந்து தீப்பிடித்து, தீயையே அறியாத சகுவாரோ கள்ளிகளை எரிக்கிறது. அங்கே தன்னார்வலர்கள் கடப்பாரையோடு மலை ஏறி இதைப் பிடுங்குகிறார்கள். மூலனூரில் இது உயிர்நாடி. கதிர் தள்ளும் நாளை மாற்ற நினைக்கும் நான் இந்த இரண்டு ஊரையும் சேர்த்தே மனதில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

என் வரைபடத்துக்கு இப்போது வழி தெரிகிறது. முதலில் ஒரு பால்வழித் தாய் வேண்டும். பஷா செய்ததையே செய்ய வேண்டும்: செடி செடியாகக் கதிர் வெட்டி, சூலகம் எடுத்து, தெளிய வைத்து, எதிரடிச் செல் கொத்து தெரிகிறதா என்று தேட வேண்டும். போன புரட்டாசி மழைக்குப் பிறகு ஆத்தாவின் கொறங்காட்டுக்கு மறுபடி போனேன். எல்லாம் ஒரே நேரத்தில் கதிர் விட்டு நின்றது. அளக்க வைத்திருந்த குச்சிகளை நான் நட்டுக்கொண்டிருந்ததை ஆத்தா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன கண்ணு தேடுற?”

“மத்ததாட்ட இல்லாம மாறி இருக்கற செடி ஒண்ணு வேணுங்க ஆத்தா.”

ஆட்டை ஒரு அதட்டு அதட்டிவிட்டு, வடக்கு வேலிப் பக்கம் கையைக் காட்டினார். “அந்தக் கிளுவ ஓரத்துல ஒண்ணு இருக்குது பாரு. அது மட்டும் வருசா வருசம் பிந்தித்தாங் கதுரு வுடும்.”

போய்ப் பார்த்தேன். சுற்றிலும் மென்முடிக் கதிர்கள் பழுப்பேறி உதிரத் தொடங்கியிருக்க, அது அன்றைக்குத்தான் உறையை விட்டு வெளியே வந்திருந்தது. சூல்முடிகள் இன்னும் நீட்டவில்லை. மறுநாள் காலை வரை அந்த ஊரிலேயே தங்கி, நீட்டியதும் இரண்டு கதிரை வெட்டிக் குப்பியில் போட்டேன். குப்பியின் மேல் தேதியையும் ‘கிளுவை ஓரம்’ என்ற இரண்டு சொல்லையும் பென்சிலால் எழுதி ஒட்டியிருக்கிறேன். சூலகங்கள் தைலத்தில் தெளிந்துகொண்டிருக்கின்றன.